200 கிராம் தீவனம் எந்த ஆட்டுக்கு?

தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம் பக்கத்து வெள்ளாட்டுப் பட்டிகளில் காசு கொடுத்து வாங்கும் தீவனம் பெரும்பாலும் கிடாவுக்குத்தான் போகிறது. பக்ரீத்துக்கோ தீபாவளிக்கோ எட்டயபுரம் சந்தைக்கு ஓட்ட வேண்டிய உருப்படி என்று அதற்கு மக்காச்சோளமும் பிண்ணாக்கும் வைப்பார்கள். பெட்டை ஆடு காலையில் போய்ப் பொழுது சாய வரும். மேய்ந்தது போதும் என்று விட்டுவிடுவார்கள். கணக்குப் போட்டால் இது தலைகீழ். விற்கிற கிடா 3 கிலோ கூடுதலாக ஏறுவது நல்லதுதான். ஆனால் ஒரு பெட்டை வருடத்துக்கு எத்தனை குட்டிகளை உயிரோடு விற்பனை வயதுக்குக் கொண்டுவந்தது என்பதில்தான் பட்டியின் வரவு நிற்கிறது.

கன்னி ஆடும் கொடி ஆடும் இந்தக் காடுகளிலேயே உருவான இனங்கள். கன்னி இரட்டைக் குட்டிக்குப் பேர் போனது. சினைக்காலம் 150 நாள். குட்டி போட்டு 3 மாதத்தில் மறுபடி சினைப்பட்டால் ஈத்துக்கு ஈத்து 8 மாத இடைவெளி, 2 வருடத்தில் 3 ஈத்து. நடப்பது வேறு. இடைவெளி ஒரு வருடத்தைத் தொடுகிறது. இரட்டையில் ஒன்று முதல் மாதத்திலேயே போய்விடுகிறது. மிஞ்சிய குட்டி ஆறு மாதத்தில் 10 கிலோ தாண்டத் திணறுகிறது. மூன்றையும் நோண்டிப் பார்த்தால், சினையின் கடைசியிலும் பால் கொடுக்கும் நாளிலும் தாய் மெலிந்து கிடப்பதில்தான் போய் முடியும்.

மேய்ச்சல் எங்கே பற்றாமல் போகிறது

இந்தப் பகுதியின் பச்சை முழுக்க வடகிழக்குப் பருவமழையை நம்பியது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்வதில் தை, மாசி வரை ஓடும். அதற்குள் உளுந்து, பாசி, கடலை அறுத்த காடுகளும் மேய்ச்சலுக்குத் திறந்துவிடும். ஆடுகளுக்கு அதுதான் கல்யாணச் சாப்பாடு. பங்குனியிலிருந்து கண்மாய்க்குள்ளும் புறம்போக்கிலும் நிற்பது காய்ந்த புல்தான். பச்சையாக இருந்தபோது 8, 10 சதவீதம் புரதம் இருந்த புல்லில், காய்ந்த பிறகு 3 முதல் 5 சதவீதம்தான் மிஞ்சும்.

ஆட்டின் பெருவயிற்றில் நாரைச் செரிப்பவை நுண்ணுயிர்கள். அவை பெருக நைட்ரஜன் வேண்டும், அதாவது தீவனத்தில் புரதம் வேண்டும். மொத்தத் தீவனத்தில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நார் மெதுவாகத்தான் கரையும். வயிறு காலியாக நேரமாகும், ஆடு குறைவாகத் தின்னும். வயிறு புடைத்தபடி முதுகெலும்பு தெரியும் ஆடுகளைச் சித்திரையில் எந்தக் கண்மாய்க் கரையிலும் பார்க்கலாம். அவற்றின் வயிற்றில் கிடப்பது செரிக்காத புல்தாள்.

வெள்ளாடு செம்மறி மாதிரி புல்லோடு நிற்பதில்லை. பின்னங்காலில் எழும்பி உடை, வெள்வேல் கொழுந்தையும், விழுந்து கிடக்கும் காயையும், ஆவாரையையும் தேடித் தின்றுவிடும். அதனால்தான் கோடையில் செம்மறிக்கு முன்னே அது இளைப்பதில்லை. ஆனாலும் அந்த இலைகளில் துவர்ப்பு அதிகம். துவர்ப்பு புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். இலையில் 12 சதவீதம் புரதம் என்றால் அத்தனையும் ஆட்டுக்குச் சேராது.

இனி அளவு. 25 கிலோ பெட்டை சும்மா நின்று உயிர் வாழவே நாளுக்குச் சுமார் 1,130 கிலோ கலோரி எரிசக்தி வேண்டும். காய்ந்த காட்டில் பல கிலோமீட்டர் நடந்து மேய்வதற்கு அதில் பாதியைக் கூட்ட வேண்டும், மொத்தம் 1,700. அந்தக் காட்டில் அதற்குக் கிடைப்பது உலர்நிலையில் (ஈரத்தைக் கழித்து) 700 கிராம் என்று வைத்தால், அதிலிருந்து சுமார் 1,200 கிலோ கலோரியும் 35 கிராம் புரதமும் வரும். பற்றாக்குறை 500 கிலோ கலோரி. புரதத்திலும் ஏறக்குறைய பாதி துண்டு விழுகிறது. 16 சதவீதம் புரதமுள்ள அடர்தீவனம் (தானியம், பிண்ணாக்கு, தவிடு கலந்தது) 200 கிராம் கொடுத்தால் 500 கிலோ கலோரியும் 32 கிராம் புரதமும் சேரும். எல்லாரும் சொல்லும் அந்த 200 கிராம் இங்கிருந்துதான் வருகிறது. இது வெறும் பெட்டைக்கு, எடை குறையாமல் நிற்க மட்டும். வயிற்றில் இரண்டு குட்டியோ மடியில் பாலோ இருந்தால் இது பற்றாது.

எந்த நாட்களில் போட வேண்டும்

வருடம் முழுக்க எல்லா ஆட்டுக்கும் 100 கிராம் என்று பரவலாகப் போடுவதுதான் இருப்பதிலேயே வீணான முறை. மழைக்காலத்தில் அது தேவையில்லை, கோடையில் சினை ஆட்டுக்கு அது போதாது. அதே மூட்டையை நான்கு இடத்தில் குவிக்க வேண்டும்.

முதலாவது, சினையின் கடைசி 6 வாரம். குட்டியின் பிறப்பு எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இந்த நாட்களில்தான் ஏறுகிறது. வயிற்றில் இரட்டை இருந்தால் கருப்பை இடத்தை அடைத்துக்கொள்ளும். தாய் நினைத்தாலும் நிறையத் தாள் தின்ன முடியாது. அதனால் குறைந்த அளவில் சத்து அதிகமுள்ள தீவனம் வேண்டும். 200 கிராமில் தொடங்கி, இரட்டை என்று சந்தேகமிருந்தால் 300 வரை போகலாம். இங்கே விட்டால் 2 கிலோ இருக்க வேண்டிய குட்டி ஒன்றேகால் கிலோவில் பிறக்கும், எழுந்து நின்று காம்பைத் தேட அதற்குத் தெம்பிருக்காது. சீம்பாலும் வற்றிப்போயிருக்கும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும். 2 கிலோ குட்டிக்கு முதல் நாளில் மொத்தம் 200 மில்லி. சீம்பால் சேராத குட்டி இரண்டாவது வாரத்தில் கழிச்சலில் போகும்போது பழியைக் கழிச்சலின் மேல் போடுகிறோம். தாய்க்கும் ஆபத்து உண்டு: பசியில் உடம்புக் கொழுப்பைக் கரைத்து, தீவனத்தை ஒதுக்கி, சோர்ந்து படுத்து, குட்டி போடும் முன்பே செத்துவிடும் சினை ஆடுகள் பெரும்பாலும் இரட்டை சுமப்பவைதாம்.

இரண்டாவது, குட்டி போட்ட முதல் 6 முதல் 8 வாரம். ஒற்றைக்கு 250, இரட்டைக்கு 300 முதல் 350 கிராம், காலை மாலை இரண்டாகப் பிரித்து.

மூன்றாவது, கிடா சேரும் காலம். சேர்வதற்கு 2 வாரம் முன்பிருந்து 200 கிராம் கொடுத்தால், மெலிந்த ஆடுகள் பருவத்துக்கு வருவதும் இரட்டை தங்குவதும் கூடும். கடைசி விலாவுக்குப் பின்னால் முதுகெலும்பில் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். எலும்பின் முனை கத்தி மாதிரி உறுத்தினால் அந்த ஆட்டுக்குத் தீவனம் பலன் தரும். சதை மூடி உருண்டையாகத் தெரிந்தால் அது ஏற்கெனவே தயார், அதற்குப் போடுவது வீண். பலர் செய்யும் பிழை, கிடா ஏறிய மறுநாளே தீவனத்தை நிறுத்துவது. கரு ஒட்டிப் பிடிக்க இன்னும் 3 வாரம் வேண்டும். அதுவரை கொடுக்க வேண்டும்.

நான்காவது, குட்டிகள். 15 நாளிலிருந்தே தாய் நுழைய முடியாத சிறு தடுப்புக்குள் தீவனம் வைக்கலாம். கம்புகளுக்கிடையே அரையடிக்குச் சற்று மேல் இடைவெளி விட்டால் குட்டி போகும், தாய் போகாது. முதலில் முகர்ந்துவிட்டு விடும். ஒரு மாதத்தில் 50 கிராம், இரண்டில் 100, மூன்றில் 150 என்று ஏறும். குட்டித் தீவனத்தில் புரதம் 20 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். சீக்கிரம் தின்னப் பழகிய குட்டி தாயை அதிகம் உறிஞ்சாது; தாயும் சீக்கிரம் மறு பருவத்துக்கு வரும்.

இந்த நான்கும் பஞ்சாங்கத்தில் எங்கே விழுகின்றன என்பதுதான் செலவைத் தீர்மானிக்கும். ஆகஸ்ட் தொடக்கத்தில் கிடா சேர்ந்தால் டிசம்பர் கடைசியில் குட்டி. சினையின் கடைசி வாரங்களும் பால் காலமும் பச்சைக்குள்ளேயே வந்துவிடும்; பெருமழையும் அடங்கியிருக்கும். ஜூலையில் தொடங்கிச் சேர்க்கைக்குக் கொடுக்கும் தீவனம் தவிர வேறு பெரிய செலவில்லை. அடுத்த ஈத்து 8 மாதத்தில் ஆகஸ்ட் கடைசி, அதற்கடுத்தது ஏப்ரல் கடைசி. இரண்டும் காய்ந்த காலம். 2 வருடத்தில் 3 ஈத்து வேண்டும் என்றால் இந்த இரண்டு ஈத்துக்கும் தீவனம் எடுத்து வைக்காமல் முடியாது. கிடாவை வருடம் முழுக்கப் பட்டிக்குள் விட்டிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கே கைக்கு வராது; எந்த ஆடு எந்த மாதச் சினை என்பதே தெரியாமல் போகும்.

கலவையும் காயும் குழையும்

100 கிலோ கலவைக்கு: கம்பு, சோளம், மக்காச்சோளம் இவற்றில் மலிவானது 40 கிலோ, கடலைப் பிண்ணாக்கு 20, கோதுமைத் தவிடு 20, உளுந்து அல்லது துவரம் பொட்டு 17, தாது உப்புக் கலவை 2, கல்லுப்பு 1. புரதம் 16, 17 சதவீதத்தில் நிற்கும். தானியத்தை மாவாக்க வேண்டாம், உடைத்த குருணையாக இருந்தால் போதும். மாவு மூக்கில் ஏறும், வயிற்றில் சட்டென்று புளிக்கும்.

கையில் காசு குறைவு, ஏதாவது ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மக்காச்சோளத்தை விட்டுப் பிண்ணாக்கை வாங்குங்கள். காய்ந்த தாள் வயிறு நிறைய இருக்கும் ஆட்டுக்கு முதல் தட்டுப்பாடு புரதம். 80, 100 கிராம் கடலைப் பிண்ணாக்கு உள்ளே போனால் நுண்ணுயிர்கள் கிளம்பி, ஏற்கெனவே தின்ற தாளையே நன்றாகச் செரிக்கவைக்கும். வெறும் தானியம் அதைச் செய்யாது.

காசில்லாமல் கிடைப்பவற்றில் முதலிடம் சீமைக்கருவேல் காய்க்கு. மரத்தைப் பற்றி ஆயிரம் புகார் உண்டு, எல்லாம் நியாயமானவை. காய் மட்டும் நல்ல தீவனம். சர்க்கரை நிறைய, புரதம் 10 முதல் 12 சதவீதம். அப்படியே போட்டால் விதை உடையாமல் புழுக்கையோடு வெளியே வந்து, ஆடு போன இடமெல்லாம் முளைக்கும். விதைக்குள் இருக்கும் புரதமும் போய்விடும். வெயிலில் நன்றாகக் காயவைத்து, கையால் ஒடித்தால் ‘டக்’கென்று ஒடியும் பதத்தில் அரைக்க வேண்டும். ஈரம் இருந்தால் சர்க்கரை பாகாகி அரைவைக் கல்லில் அப்பிக்கொள்ளும். மில்காரர் இரண்டாவது முறை உங்கள் மூட்டையைத் தொடமாட்டார். அரைத்த காயைக் கலவையில் 20 கிலோ வரை தானியத்துக்கும் தவிட்டுக்கும் பதிலாகச் சேர்க்கலாம். அதற்கு மேல் மாதக்கணக்கில் காயையே நம்பினால் தாடை நரம்பு கெட்டு, மெல்ல முடியாமல் வாய் கோணி மெலியும் நோய் வரும். பிரேசிலில் மாடுகளிலும் ஆடுகளிலும் இது பதிவாகியிருக்கிறது. சேமிக்கும் காயில் வண்டு விழும், அதனால் நன்கு காய்ந்ததை மட்டும் மூட்டை கட்டுங்கள். உடை, வெள்வேல், கருவேல் காய்களையும் இப்படியே எடுத்து வைக்கலாம். கருவேல் காயில் துவர்ப்பு கூடுதல் என்பதால் அளவு குறைவாக.

குழைகளில் அகத்தியை மிஞ்ச ஒன்றில்லை, புரதம் 20 சதவீதத்துக்கு மேல். ஆனால் தண்ணீர் கேட்கும். மானாவாரிக்குச் சவுண்டல், கிளரிசிடியா, வேலிமசால். சவுண்டலை மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடர்ந்து போட்டால் மயிர் உதிரும். கிளரிசிடியாவின் வாடை ஆட்டுக்குப் பிடிக்காது. முதல் நாள் மாலை வெட்டி வாடவிட்டு மறுநாள் வைத்தால் தின்னும். எந்தக் குழையையும் தரையில் போடாதீர்கள். ஆட்டின் முகத்துக்கு நேராகக் கட்டித் தொங்கவிட்டால் மிதிபடாது, புழுவும் ஏறாது. மாசியில் கிடைக்கும் கடலைக்கொடியைப் போராக அடுக்கி வைத்திருப்பவருக்குச் சித்திரை பாதி தாண்டியது மாதிரி.

யூரியா பற்றி ஒரு வரி. மாட்டுக்குச் சொல்லும் யூரியா வைக்கோலை ஆட்டுக்கும் சொல்கிறார்கள். வெள்ளாடு வைக்கோலைச் சீண்டாது. கலவையில் சேர்த்தால் கொஞ்சம் கூடிப்போனாலும் நடுங்கி, வயிறு ஊதி, நுரை தள்ளிச் சாகும். பிண்ணாக்கு கிடைக்கும் ஊரில் அந்த வம்பு தேவையில்லை.

தொட்டியருகே நடப்பது

நல்ல கலவை போட்டும் பலன் தெரியவில்லை என்றால் தொட்டியைப் போய்ப் பாருங்கள். 200 கிராமை ஓர் ஆடு சில நிமிடங்களில் முடித்துவிடும். கொம்புள்ள இரண்டு பெரிய ஆடுகள் தலையால் முட்டித் தள்ளிக்கொண்டு நாலு ஆட்டின் பங்கைத் தின்னும். யாருக்காகப் போட்டீர்களோ அந்த மெலிந்த சினை ஆடு ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். ஆட்டுக்கு ஓரடி நீளத் தொட்டி இடம் வேண்டும். சினை ஆட்டையும் பால் ஆட்டையும் தனியாக அடைத்துத்தான் வைக்க வேண்டும்.

நேரம் மாலை. காலையில் வயிறு நிறையப் போட்டு அனுப்பினால் ஆடு மரத்தடியில் படுத்துக்கொள்ளும். தீவனம் மேய்ச்சலோடு சேராமல் மேய்ச்சலுக்குப் பதிலாகிவிடும். உடல் எடையில் ஒரு சதவீதத்தைத் தாண்டத் தாண்ட இந்தக் கோளாறு கூடும். பால் ஆட்டுக்கு மட்டும் காலையில் ஒரு சிறு பங்கு.

தண்ணீர் குறைந்தால் தீவனமும் குறையும். கோடையில் ஆட்டுக்கு 4, 5 லிட்டர், பால் ஆட்டுக்கு இன்னும் கூடுதல். தொட்டி நிழலில் இருக்கட்டும்.

தீவனம் தொடங்கும் முன் கீழிமையைப் புரட்டிப் பாருங்கள். சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் இரத்தம் உறிஞ்சும் புழு இருக்க வாய்ப்பு அதிகம். குடற்புழு நீக்காமல் போடும் பிண்ணாக்கில் பாதி புழுவுக்குத்தான்.

புதுத் தீவனத்தை 50 கிராமில் தொடங்கி 10 நாளில் ஏற்ற வேண்டும். மூட்டையைப் பிரித்து ஆடே தின்றுவிட்டால், அல்லது கல்யாண வீட்டுச் சோற்றைக் கொட்டினால், பெருவயிறு புளித்து அமிலமாகும். அசைபோடுவது நிற்கும், வயிறு தளும்பும், கழியும், படுத்துவிடும். உடனே தானியத்தை எடுத்துவிட்டு, பெரிய ஆட்டுக்கு 20 முதல் 30 கிராம் சமையல் சோடாவை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, தலையை அதிகம் தூக்காமல் மெதுவாகப் புகட்டி, மருத்துவரைக் கூப்பிட வேண்டும். தவிடும் தானியமும் மட்டுமே தின்னும் கிடாவுக்குச் சிறுநீர்க் கல் அடைக்கும். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச்சத்து குறைவு. அதற்குத் தாது உப்பும் கல்லுப்பும் கலவையில் இருக்கவேண்டும், தண்ணீர் தாராளமாக வேண்டும். கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை மணம் வந்தால் வெயிலில் காயவைத்துத் தப்பிக்க முடியாது, அந்த நஞ்சு சூட்டில் போகாது, கொட்டிவிடுவதுதான் வழி.

செலவு

காய்ந்த காலத்து ஓர் ஈத்துக்கு: சினைக் கடைசி 42 நாள், 200 கிராம் வீதம் 8.4 கிலோ. பால் காலம் 56 நாள், 300 கிராம் வீதம் 16.8 கிலோ. சேர்க்கைக்கு 35 நாள், 7 கிலோ. இரண்டு குட்டிக்கு 3 மாதம் வரை சுமார் 14 கிலோ. எல்லாம் 46 கிலோ; கலவை கிலோ 30 ரூபாய் என்றால் 1,380 ரூபாய். 10 ஆட்டுக்கு 13,800. உயிர் எடை கிலோ 350 என்று வைத்தால் 10 கிலோ குட்டி 3,500. பத்து ஆட்டில் நான்கு குட்டி கூடுதலாகப் பிழைத்தாலே முதல் வந்துவிடும். மற்ற குட்டிகள் ஏறும் கூடுதல் எடையும், அடுத்த ஈத்து முன்னே வருவதும் தனி. உங்கள் ஊர் விலையை மாற்றிப் போட்டுப் பாருங்கள். குட்டி ஏற்கெனவே நன்றாகப் பிழைக்கும் பட்டியில் இந்த இலாபம் இத்தனை பெரிதாகத் தெரியாது. பல் விழுந்த கிழட்டு ஆட்டுக்கும், இரண்டு முறை கிடா ஏறியும் சினை நிற்காத ஆட்டுக்கும் எந்தக் கணக்கிலும் தீவனம் கட்டாது; பங்குனிக்கு முன்பே, உடம்பு இருக்கும்போது சந்தைக்கு ஏற்றுங்கள்.

மழை விழுந்ததும் தீவனத்தைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு வாரம் முளைப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். ஆடு அதைத் துரத்தி நடந்தே இளைக்கும். ஒரு வாரத்தில் பாதியாக்கி, அடுத்த வாரத்தில் நிறுத்தலாம். துள்ளுமாரி என்னும் குடல் நச்சு நோய் இந்த இளம்பச்சையில்தான் வரும், அதனால் தடுப்பூசி மழைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். வறட்சியில் வாடி நின்று மழையில் துளிர்க்கும் மறுதாம்புச் சோளத்தில் சைனைடு நஞ்சு இருக்கும். பூ எடுக்கும் வரை ஆட்டை அந்தக் காட்டுப் பக்கம் விடாதீர்கள்.